'வெள்ளானூர்' எத்தனை எழுத்து? கணினி சொல்லும் விடை வேறு!

ஆவடியை அடுத்த வெள்ளானூரின் பெயரில் எத்தனை எழுத்துகள்? வெ, ள், ளா, னூ, ர் என்று விரல் மடக்கி, 'ஐந்து' என்று சொல்லிவிடும் பள்ளிக் குழந்தை. பைத்தான் கணினி மொழியிடம் கேட்டால், 10 என்கிறது! யூனிகோடு முறையில் 'வ' ஒரு குறி, அதன் கொம்பு இன்னொரு குறி. 'ள்' எழுத்திலும் 'ள' ஒன்று, புள்ளி ஒன்று.

இதைச் சரியாக எண்ண, முத்து அண்ணாமலை தொடங்கி ஆர்வலர்கள் வளர்த்த 'ஓப்பன் தமிழ்' என்ற இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது. இப்படிப்பட்டவற்றை 'லைப்ரரி' என்பார்கள். வீட்டில் அரைக்காமல் கடையில் மசாலாப் பொடி வாங்குவதுபோல, ஆப் உருவாக்குபவர்கள் இவற்றை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். உங்கள் போனில் உள்ள ஆப்களிலும் இவை உண்டு.

நம்பலாமா?

2016 மார்ச்சில் நடந்தது இது. 'லெஃப்ட்-பேட்' என்பது வெறும் 11 வரி நிரல். தன் வேறொரு தொகுப்பின் பெயர் குறித்த தகராறில் கோபமடைந்த அசெர் கோச்சுலு, தான் வெளியிட்ட தொகுப்புகள் எல்லாவற்றையும், அவற்றை வழங்கிய தளத்திலிருந்து நீக்கிவிட்டார். அந்த 11 வரியை நம்பியிருந்த உலகின் பல மென்பொருள் பணிகள் சில மணி நேரம் முடங்கின.

2024-ல் இன்னொரு அதிர்ச்சி. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' தொகுப்பைப் பல ஆண்டுகளாகத் தனி ஒருவர் பராமரித்துவந்தார். உதவ வந்தவர்போல நம்பிக்கை பெற்ற ஒருவர், அதில் ரகசிய வழி ஒன்றைப் புகுத்தினார். சர்வருக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்த பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் அதைக் கண்டுபிடித்தார்.

என்ன செய்யலாம்?

* பத்துப் பதினைந்து வரியில் முடியும் வேலையா? நீங்களே எழுதுங்கள்.
* 'க்ஷ', 'ஸ்ரீ' போன்ற நுணுக்கங்கள் உள்ள வேலையா? அனுபவசாலிகளின் லைப்ரரியே நல்லது.
* எத்தனை பேர் பராமரிக்கிறார்கள், கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று பாருங்கள். மசாலா பாக்கெட்டில் தேதி பார்க்கிறோமே, அப்படி!
* சோதித்த பதிப்பையே பயன்படுத்துங்கள். அதன் நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் முக்கியம்: திருப்பிக் கொடுப்பது. ஜெரோதா நிறுவனம் 2024-ல், இத்தகைய திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் நிதி அறிவித்தது. கல்லூரி மாணவர்களிடம் பணம் இல்லாவிட்டால் என்ன? ஒரு பிழையைக் கண்டு சொன்னாலே போதும். தனியாகச் சுமப்பவருக்கு அது பெரிய கை!