பழைய ஜீப் மறுகட்டுமானம்: உதிரிபாகங்களைத் திரட்டலும் துப்புரவாக்கலும்

பழைய ஜீப் மறுகட்டுமானம் என்பது, ஓடாமல் கிடக்கும் ஒரு ஜீப்பை முழுவதும் கழற்றி, தேறாத பாகங்களை மாற்றி, மீண்டும் ஓடவைக்கும் பணியாகும். அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் 1941 முதல் 1945 வரை இராணுவத்துக்காக ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன. போருக்குப் பின் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பொருத்தி விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 1953இல் அறிமுகமான சிஜே-3பி வகை இங்கு பல பத்தாண்டுகள் உற்பத்தியில் இருந்தது. ஆகவே பாகங்களுக்குப் பஞ்சமில்லை. கிடைத்த பாகம் அந்த வண்டிக்கு உரியதுதானா என்பதில்தான் சிக்கல் எழுகிறது.

பாகங்களை அடையாளம் காணல்

போர்க்கால ஜீப்பின் 2.2 லிட்டர் எஞ்சினில் எல்லா வால்வுகளும் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் உள்ளன. சிஜே-3பியில் உள்ளிழுக்கும் வால்வுகள் மேலே, ஹெட்டில் அமைந்தவை. அதனால்தான் அதன் பானெட் உயரமாக இருக்கிறது. ஒன்றின் ஹெட் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஃபோர்டு தன் பாகங்களிலும் போல்ட் தலைகளிலும் எஃப் எழுத்தைப் பொறித்தது. வில்லிஸ் எம்பியில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை கொண்டவை. இதை அறியாமல் வழக்கமான திசையில் பலங்கொண்டு திருகி போல்ட்டை முறிப்பவர்கள் உண்டு.

மிகவும் கவனிக்க வேண்டியது கிரவுன்-பினியன் விகிதம். வில்லிஸ் எம்பியில் கிரவுனுக்கு 39 பற்கள், பினியனுக்கு 8. விகிதம் ஏறக்குறைய 4.88. பின்னர் வந்த சிஜே வகைகளில் 43க்கு 8, அதாவது 5.38. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முன் ஆக்சில் ஒரு விகிதத்திலும் பின் ஆக்சில் வேறு விகிதத்திலும் அமைந்துவிட்டால், இரு சக்கர இயக்கத்தில் எதுவும் தெரியாது. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டவுடன் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். டயர் தேயும், டிரான்ஸ்ஃபர் கேஸின் பற்கள் உடையவும் கூடும். ஆக்சிலை வாங்குமுன் மூடியைத் திறந்து பற்களை எண்ணுவதற்குப் பத்து நிமிடமே ஆகும்.

எங்கே, எப்படி வாங்குவது

சென்னையில் புதுப்பேட்டை, தில்லியில் மாயாபுரி ஆகியவை பழைய பாகங்களுக்குப் பெயர்பெற்ற சந்தைகள். அரியானாவின் மண்டி டப்வாலி, ஜீப்புகளைப் புதுப்பித்து விற்பதற்கென்றே அறியப்பட்ட ஊர். காயலான் கடைக்குச் செல்பவர் பழைய பாகத்தையும் ஓர் அளவுகோலையும் கையோடு கொண்டுசெல்வது நல்லது. பேரிங்கின் வளையத்தில் எண் பொறிக்கப்பட்டிருக்கும்; அதே எண்ணில் புதியதை பேரிங் கடையில் வாங்கலாம். பிரேக் ஹோஸ், பிரேக் ரப்பர்கள், ஸ்டியரிங் பால் ஜாயின்ட் ஆகியவற்றைப் பழையதாக வாங்குவது சிக்கனமன்று, ஆபத்து.

அடிச்சட்ட எண் சுரண்டப்பட்டிருந்தால் விலை எவ்வளவு குறைவாயினும் அந்த வண்டியை வாங்கலாகாது. 2021இல் நடுவண் அரசு அறிவித்த விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஊர்தி மூல வடிவில் இருந்தால் தொன்மை ஊர்தியாகப் பதிவு செய்யலாம். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அத்தகுதி கிடைக்காது. பெட்ரோல் செலவுக்கு அஞ்சி டீசல் எஞ்சின் பொருத்தப்பட்ட ஜீப்புகள் ஏராளம்; அவற்றின் உரிமையாளர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

துப்புரவாக்கல்

அழுக்கு நீங்கினால்தான் விரிசல் தெரியும். முதலில் மண்ணைச் சுரண்டி, பாகங்களை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறவைத்து, கம்பி பிரஷால் தேய்ப்பர். பெட்ரோலை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். காஸ்டிக் சோடா இரும்பின் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக நீக்கும், ஆனால் அலுமினிய பிஸ்டனை அரித்துவிடும்.

கடும் துருவுக்கு மின்பகுப்பு முறை ஏற்றது. சலவைச் சோடா கரைத்த நீரில் துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், ஒரு பழைய இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். முனைகள் மாறினால் பாகமே கரையத் தொடங்கும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்ய வேண்டும். துருப்பிடிக்கா எஃகை நேர்முனையில் வைத்தால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மங்கள் உண்டாகும். சுருள்வில், பட்டைவில் போன்ற கடின எஃகுப் பாகங்களுக்கு இம்முறை ஆகாது. அவை ஹைட்ரஜனை உறிஞ்சி முறியும் தன்மை பெறக்கூடும்.

தூய்மையான பாகத்தில் மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் கழித்துத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவினால், விரிசலுக்குள் தங்கிய எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். எஞ்சின் பிளாக்கில் வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடைப்பட்ட பகுதியையும், அடிச்சட்டத்தில் பட்டைவில் தாங்கிகள் உள்ள இடங்களையும் இவ்வாறு பார்ப்பது அவசியம்.

பிரேக் பாகங்களுக்கு மண்ணெண்ணெயோ டீசலோ படக்கூடாது; ரப்பர் உப்பிப் பிரேக் பிடித்துக்கொள்ளும். அவற்றை ஸ்பிரிட்டாலோ புதிய பிரேக் ஆயிலாலோ கழுவுவர். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் கல்நார் இருக்கலாம். அத்தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் காற்றழுத்தத்தால் ஊதாமல், நீரால் நனைத்து ஈரத்துணியால் துடைத்தெடுத்து, துணியைப் பையில் கட்டி அகற்ற வேண்டும். பட்டறைகளில் ஊதித் தள்ளுவதே இன்றும் பலருக்குப் பழக்கமாக உள்ளது.