எவோவுக்குக் காசில்லை... லான்சரா, செடியாவா?

அவிநாசி ரோடு சிக்னலில் பக்கத்தில் ஒரு பழைய லான்சர் வந்து நின்றால் திரும்பிப் பார்க்காத கோவைப் பையன் உண்டா? அவன் பார்ப்பது லான்சரை அல்ல. அதன் அண்ணன் 'எவோ'வை!

டாமி மாக்கினன் என்ற பின்லாந்துக்காரர் 1996 முதல் 1999 வரை வரிசையாக நாலு வருஷம் ராலி உலக சாம்பியன் ஆனது மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனில்தான். இரண்டு லிட்டர் எஞ்சின், டர்போ, நாலு சக்கரத்துக்கும் இழுவை, 280 குதிரைசக்தி. பார்க்க மட்டும் மாமனாரைக் கோயிலுக்கு அழைத்துப் போகிற கார் மாதிரி இருக்கும்!

எவோ சேகரிப்பவர்களில் இரண்டு கட்சி. 1999-இல் வந்த ஆறாவது எவோ ஒரு கட்சி, 2005-இல் வந்த ஒன்பதாவது இன்னொன்று. இரண்டிலும் அதே வார்ப்பிரும்பு பிளாக் எஞ்சின்தான். டர்போ அழுத்தத்தை ஏற்றினாலும் தாங்கும். (ஃபவுண்டரிக்காரர் ஊருக்கு இதைச் சொல்லித் தரணுமா?) ஒன்பதாவதில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் 'மைவெக்' சேர்ந்தது. நடு டிஃபரன்ஷியலையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ஆறாவதுக்கோ மாக்கினன் பெயரிலேயே ஸ்பெஷல் எடிஷன் உண்டு. 2007-இல் வந்த பத்தாவதில் பிளாக் அலுமினியமாகிவிட்டது. அதனால்தான் ஒன்பதாவதுக்கு இத்தனை மவுசு.

நமக்கு இரண்டுமே எட்டாது. இங்கே விற்கப்படவே இல்லை. மூன்று வருஷத்துக்கு மேல் பழசான காரை இறக்குமதி செய்யவும் சட்டம் விடாது. பத்தாவது மட்டும் 2010-இல் ஐம்பது லட்ச ரூபாயை ஒட்டி வந்தது. என் சம்பளத்துக்கு அதன் போஸ்டரே அதிகம்.

ஆனால் ஒரு ஆறுதல்! திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-இல் தயாரிக்க ஆரம்பித்த லான்சர், நாலு முதல் ஆறு வரையிலான எவோக்களின் தம்பி. 2006-இல் வந்த செடியா, ஏழு முதல் ஒன்பது வரைக்குத் தம்பி. (அதே தொழிற்சாலையில் இப்போது சிட்ரோவன் கார்கள் தயாராகின்றன.) டர்போ கிடையாது, முன்சக்கர இழுவைதான். எலும்புக்கூடு என்னவோ அதே வம்சம்!

இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். லான்சர் 1.5 லிட்டர், 87 குதிரை. ஸ்டியரிங்கைத் தொட்டாலே ரோடு கையில் பேசுகிறது. வேகம்தான் கொஞ்சம் 'ஆகட்டும் பார்க்கலாம்' ரகம். செடியா இரண்டு லிட்டர், 115 குதிரை. பாலக்காடு ரோட்டில் நாலாவது கியரிலேயே லாரிகளைத் தாண்டிவிட்டேன். எம்.ஆர்.எஃப். அணி ராலிக்கு இதை எடுத்தது சும்மாவா?

கணபதியில் ஒரு ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் கேட்டேன்.

"ஏனுங் தம்பி, லான்சர்னா பெட்ரோலாப் பாத்து எடுங்க. ஹெட்லைட்டு உடைஞ்சுதுன்னா ஊரு ஊரா அலையோணும், பாத்துக்கோங்க. எதா இருந்தாலும் பின்னாடி றெக்கை வெச்சு 'எவோ'ன்னு ஸ்டிக்கர் ஒட்டுன வண்டிய மட்டும் தொடாதீங்க. அதுல ஒரிஜினலா எதுவுமே இருக்காதுங்க!"

87 குதிரைக்கு றெக்கை எதற்கு, பறக்கவா போகிறது?

இன்னொரு கணக்கு. இருபது வயது தாண்டிய காரின் ஆர்.சி. புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2025-இல் 10,000 ரூபாய் ஆக்கியது. ஆரம்ப கால லான்சர்கள் எல்லாமே அந்த வயதைத் தாண்டியவை. அழகுக்கு லான்சர்தான், சந்தேகமில்லை. ஷெட்டில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருக்க இடமும் பணமும் இருந்தால் அதை வாங்குங்கள். தினமும் ஆபீஸுக்கும் போகணும், ஞாயிற்றுக்கிழமை வால்பாறை மலையும் ஏறணும் என்றால் செடியா. என் ஓட்டு செடியாவுக்கே.

பொள்ளாச்சியில் வெள்ளை செடியா ஒன்று, றெக்கை இல்லாமல், ஒரே கையில் இருக்கிறதாம். வர்ற ஞாயிறு போகிறேன். வீட்டில் மாசாணியம்மன் கோயிலுக்கு என்று சொல்லியிருக்கிறேன்.