மின்கம்பியும் மரக்கிளையும்

கேரளத்தில் மரம் இல்லாத வீட்டைப் பார்ப்பது அரிது. தென்னை, பலா, மா, தேக்கு, ரப்பர் என்று வீட்டைச் சுற்றி மரங்கள் நிற்கும். அந்த மரங்களுக்கு நடுவில்தான் மின்கம்பிகளும் போகின்றன.

அங்கே ஜூன் மாதத் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை வரும். மழையோடு காற்றும் வரும். கிளை ஆடும். கம்பியில் உரசும். சில நேரம் ஒடிந்து கம்பியின் மேலேயே விழும். கம்பி அறுந்து தரையில் கிடக்கும். தெரியாமல் மிதித்தவரின் உயிர் போகும்.

அதனால் மழைக்கு முன்பே, கோடை மாதங்களில், கம்பிக்குப் பக்கத்தில் உள்ள கிளைகளை வெட்டுகிறார்கள். கேரள மின்வாரியத்தில் இதை 'டச்சிங்' வேலை என்பார்கள். கம்பியைத் தொடும் கிளையை நீக்கும் வேலை என்று பொருள். லைன்மேன்கள் இதைச் செய்கிறார்கள். ஒப்பந்தக் கூலியாட்களும் செய்கிறார்கள்.

அரிவாளை எடுத்து வெட்ட வேண்டியதுதானே, இதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் இது உயிரோடு விளையாடும் வேலை. ஏன் என்று பார்ப்போம்.

பச்சைக் கிளையில் மின்சாரம் பாயும்

காய்ந்த கட்டையில் மின்சாரம் எளிதில் பாயாது. பச்சைக் கிளை அப்படி அல்ல. அதற்குள் நீரும் சாறும் இருக்கின்றன. மழையில் நனைந்தால் இன்னும் ஆபத்து.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அதுவே ஆளைக் கொல்லும். டிரான்ஸ்பார்மருக்கு வரும் கம்பியில் 11,000 வோல்ட் இருக்கும். அந்தக் கம்பியைக் கையால் தொட வேண்டும் என்பதில்லை. மிக அருகில் போனாலே மின்சாரம் தாவிப் பிடித்துவிடும். அதற்கு முன்னால் காய்ந்த கம்பும் பாதுகாப்பு ஆகாது.

ஆகவே கிளை வெட்டும் வேலையில் முதல் விதி இதுதான்: கம்பியில் மின்சாரம் இருக்கும்போது மரத்தில் ஏறக் கூடாது.

ஏறும் முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் பெர்மிட் வாங்க வேண்டும். பெர்மிட் என்பது எழுத்தில் தரும் அனுமதி. எந்தக் கம்பியில், எந்த இடத்தில் வேலை என்று அதில் எழுதியிருக்கும். நம் ஊர்ப் பக்கம் இதை 'லைன் கிளியர்' என்பார்கள்.

பிறகு ஸ்விட்சைத் திறந்து மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஸ்விட்சைப் பூட்ட வேண்டும். 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற பலகையைத் தொங்கவிட வேண்டும்.

மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்பினால் போதாது. கருவி வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது எர்த் போடுவது. கம்பிகளை எல்லாம் ஒன்றாக இணைத்துத் தரையோடு சேர்ப்பதுதான் எர்த். வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் இப்படிச் செய்ய வேண்டும்.

மின்சாரத்தைத்தான் நிறுத்தியாயிற்றே, பிறகு எர்த் எதற்கு? காரணம் இருக்கிறது. யாராவது தவறுதலாக ஸ்விட்சைப் போட்டுவிடலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. கரண்ட் போனதும் ஒரு வீட்டிலோ கடையிலோ ஜெனரேட்டரை ஓட்டுவார்கள். அதைச் சரியாக இணைக்காவிட்டால் அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் போகும். டிரான்ஸ்பார்மர் வழியாகப் போனால் அதுவும் உயர் அழுத்த மின்சாரமாகிவிடும். எர்த் போட்டிருந்தால் அது தரைக்குள் இறங்கும். மரத்தில் இருப்பவர் பிழைப்பார்.

வேலை முடிந்ததும் ஆட்களை எண்ண வேண்டும். எல்லாரும் இறங்கிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். எர்த்தைக் கழற்ற வேண்டும். பெர்மிட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் மின்சாரம் வர வேண்டும்.

கையுறை, ரப்பர் காலணி, தலைக்கவசம், இடுப்புப் பெல்ட், ஏணி, எர்த் கருவி ஆகியவற்றை வேலையாளுக்குத் தர வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் இதைச் சொல்கின்றன. இது யாரும் காட்டும் சலுகை அல்ல. ஒப்பந்தக் கூலியாளின் உயிரும் உயிர்தான்.

அவசரம்தான் எதிரி

விதிகளைப் படித்தால் எல்லாம் எளிது. வேலை செய்யும் இடத்தில்தான் சிக்கல்.

மின்சாரத்தை நிறுத்தியதும் அலுவலகத்துக்குப் போன் வரத் தொடங்கும். "கரண்ட் எப்போது வரும்? காலையில் போனது இன்னும் வரவில்லையே!" என்று கேட்பார்கள். சிலர் திட்டுவார்கள். அலுவலகத்திலிருந்து மரத்தடிக்குப் போன் போகும். சீக்கிரம் முடி என்பார்கள். அப்போதுதான் ஒருவர் எர்த் போடாமல் ஏறுவார். இந்த ஒரு கிளைதானே என்று இன்னொருவர் பெல்ட் போடாமல் ஏறுவார்.

மாமரத்தில் முசுறு எறும்பு கடிக்கும். பிடியை விட்டால் கீழே விழ வேண்டியதுதான். கீழே வீட்டுக்காரர் நின்று, "என் மரத்தில் கை வைக்காதே" என்பார். மழை வந்து கரண்ட் போனால், "கிளையை ஏன் வெட்டவில்லை?" என்று கேட்பவரும் அவரே.

கருவியாலும் தொல்லை வரும். 2023 ஜூன் மாதம் வயநாடு மாவட்டத்தில் நடந்த செய்தி இது. மின்வாரிய வேலைக்குப் போன ஒரு ஜீப்பில் கிளை வெட்டும் நீளமான தொரட்டி இருந்தது. அது வண்டிக்கு வெளியே நீண்டிருந்தது. சாலைக் கேமரா படம் பிடித்தது. சீட் பெல்ட் போடாததையும் சேர்த்து 20,500 ரூபாய் அபராதம் என்று நோட்டீஸ் வந்தது. தொரட்டி நீளமாக இல்லாமல் கிளை எட்டாது. வெளியே நீண்டால் சாலையில் வருபவருக்கு ஆபத்து. அப்படியானால் தொரட்டி ஏற்றுவதற்கு ஏற்ற வண்டி தர வேண்டும். அது வேலை கொடுப்பவரின் பொறுப்பு.

மரத்துக்கும் ஒரு முறை உண்டு

அவசரத்தில் வெட்டினால் மரமும் கெடும். உச்சியை மொட்டையாக வெட்டினால் ஒரே இடத்தில் பல குருத்துகள் கிளம்பும். அவை வேகமாக வளரும். ஆனால் பிடிப்பு இருக்காது. அடுத்த காற்றில் ஒடியும். மறுபடியும் கம்பியைத் தொடும்.

கம்பிப் பக்கம் போகும் கிளையை, அது பிரியும் இடத்தில் வெட்ட வேண்டும். விலகிப் போகும் கிளையை விட்டுவிட வேண்டும். அப்போது மரம் மறுபக்கம் வளரும்.

பெரிய கிளையை மூன்று வெட்டாக வெட்ட வேண்டும். முதலில் அடிப்பக்கம் சிறிது வெட்ட வேண்டும். பிறகு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து வெட்டிக் கிளையை இறக்க வேண்டும். கடைசியில் மிஞ்சிய கட்டையை நீக்க வேண்டும். இப்படிச் செய்தால் பட்டை உரியாது. காயம் ஆறும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. மேலே போகும் மின்கம்பிக்கு இடைஞ்சலான மரத்தை நீக்க நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். கம்பி வருவதற்கு முன்பே மரம் அங்கே இருந்தால் அதற்கு இழப்பீடு உண்டு. எவ்வளவு என்று அவரே முடிவு செய்வார். செடி, புதர், வேலி எல்லாம் இந்தச் சட்டத்தில் மரமாகவே கருதப்படும்.

2023 ஆகஸ்டில் எர்ணாகுளம் மாவட்டம் வாரப்பெட்டியில் ஒரு விவசாயியின் 400-க்கும் மேற்பட்ட வாழைகளை மின்வாரியத்தார் வெட்டினார்கள். அவை 220 கிலோவோல்ட் கம்பியின் கீழ் நின்றவை. ஓணத்துக்குத் தார் வெட்டக் காத்திருந்தவை. மாநிலமே பேசியது. பிறகு மூன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு அறிவித்தார்கள். கம்பியின் கீழே வாழை வளர்வது ஒரே நாளில் நடப்பதல்ல. முன்பே வந்து சொல்லியிருந்தால் அந்த விவசாயி வேறு பயிர் வைத்திருப்பார். வெட்டுவதற்கு முன் சொல்வதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான்.

நாம் செய்ய வேண்டியவை

மின்கம்பிக்குக் கீழே உயரமாக வளரும் மரத்தை நடக் கூடாது. கறிவேப்பிலை, செம்பருத்தி போன்றவற்றை நட்டு, உயராமல் கழித்து விடலாம்.

கம்பிக்குப் பக்கத்தில் உள்ள கிளையை நாமே வெட்டக் கூடாது. இரும்பு, அலுமினியத் தொரட்டியால் மாங்காயோ தேங்காயோ பறிக்கக் கூடாது.

ஜெனரேட்டரைத் தெரிந்த மின் பணியாளரைக் கொண்டு, உரிய மாற்று ஸ்விட்ச் வைத்து இணைக்க வேண்டும்.

வெட்ட வருபவரிடம், "லைன் கிளியர் வாங்கியாயிற்றா? எர்த் போட்டாயிற்றா?" என்று கேட்கலாம். கேட்டால் தவறில்லை.

கிளை வெட்டும் நாளில் கரண்ட் வர நேரமானால் பொறுத்திருப்போம். அந்த நேரத்தில் மரத்தின் மேல் ஒருவர் இருக்கிறார்.

அறுந்த கம்பியைக் கண்டால் அருகே போகக் கூடாது. மற்றவரையும் போக விடக் கூடாது. உடனே மின் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். பல மாநிலங்களில் இதற்கான எண் 1912.