முதல் கீபோர்டு: அது விரலின் வேகத்தை அறியுமா?

பிள்ளைக்கு முதல் கீபோர்டு வாங்க, பெரம்பலூர்க்காரர் பஸ்ஸிலும் அரியலூர்க்காரர் ரயிலிலுமாகத் திருச்சிக்குக் கிளம்புவது வழக்கம். கடைக்காரர் முதலில் தொடுவது டெமோ பட்டனை. வயலினும் டிரம்ஸும் பாஸ் கிட்டாருமாக ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா முழங்கும். "600 டோன் சார், 200 ரிதம்" என்பார். வீட்டுக்கு வந்தபின் அந்த 600-ல் பிள்ளை தொடப்போவது ஏழெட்டுதான். டெமோவும் தொழிற்சாலையிலேயே பதிந்து அனுப்பிய பாட்டு. கருவியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கேட்க வேண்டியது வேறு. ஒரே கீயை மெல்ல அழுத்தினால் மெல்லவும், ஓங்கி அழுத்தினால் உரக்கவும் ஒலிக்கிறதா?

இந்தக் கேள்விக்கு 300 வயது. பியானோவுக்கு முன் ஐரோப்பாவில் கோலோச்சிய ஹார்ப்சிகார்டில், கீயை அழுத்தினால் இறகுத் துண்டு ஒன்று கம்பியைச் சுண்டும். எப்படி அழுத்தினாலும் ஏறத்தாழ ஒரே சத்தம். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி, 1700 வாக்கில், இறகை எடுத்துவிட்டுச் சுத்தியலை வைத்தார். விரலின் வேகம் சுத்தியலுக்குப் போய், சுத்தியலின் வேகம் கம்பியில் சத்தமாக மாறியது. மாஃபெய் என்ற எழுத்தாளர் 1711-ல் கட்டுரை எழுதி அந்தக் கருவியை ஊரறியச் செய்தார். ஏறக்குறைய அதே சமயத்தில் பெஸ்கி என்ற இன்னொரு இத்தாலியர் தமிழகம் வந்து சேர்ந்தார். நாம் அறிந்த வீரமாமுனிவர் அவர்தான்; இன்றைய அரியலூர் மாவட்டத்தின் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலைக் கட்டியவர். இன்று இந்தப் பக்கத்துத் தேவாலயங்களில் பாடகர் குழு என்றாலே ஒரு கீபோர்டு இருக்கும். விரலின் வேகத்துக்கேற்பச் சத்தம் மாறும் இந்தத் தொடு உணர்வு இல்லாத கீபோர்டை வாங்குகிறவர், தெரியாமலே கிறிஸ்டோஃபோரிக்கு முந்திய காலத்துக்குப் போய்விடுகிறார்.

கீபோர்டில் கம்பியும் இல்லை, சுத்தியலும் இல்லை. பிறகு வேகத்தை எப்படி அறிகிறது? ஒவ்வொரு கீயின் அடியிலும் ரப்பர் மூடி ஒன்று உண்டு. அதன் உட்புறத்தில் கரி பூசிய இரண்டு தொடுமுனைகள், ஒன்று சற்றே உயரமாக. கீ இறங்கும்போது முதலில் ஒன்று சர்க்யூட் பலகையைத் தொடும். சில மில்லி நொடி கழித்து அடுத்தது. இரண்டுக்கும் இடையே கழிந்த நேரத்தைச் சிப் அளக்கிறது. இடைவெளி குறைவென்றால் விரல் வேகமாக வந்திருக்கிறது; ஆகவே சத்தம் கூட வேண்டும். அந்த வேகத்துக்கு 1 முதல் 127 வரை ஒரு எண் கொடுத்து, அதற்கேற்ற சத்தத்தை நினைவகத்திலிருந்து எடுத்து ஒலிக்கிறது. 1983-ல் போட்டி நிறுவனங்கள் ஒன்றுகூடி ஏற்ற மிடி என்ற பொது ஏற்பாட்டில் வந்த எண் அது. விலை குறைந்த மாடல்களில் தொடுமுனை ஒன்றுதான். கீ இறங்கியதா இல்லையா என்பது மட்டுமே அவற்றுக்குத் தெரியும்.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இந்தத் தொடுமுனைகளே. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் கடலடியில் படிந்தது. இப்போது லாரிக்குப் பின்னால் புழுதியாகப் பறக்கிறது. அந்தத் தூசி கரிமுனைக்கும் பலகைக்கும் நடுவே புகுந்தால் நேரக் கணக்கு தவறும். ஒரு கீ பேசாமல் போகும், இன்னொன்று தொட்டதுமே அலறும். பெரும்பாலும் சிப் கெட்டிருக்காது, திறந்து துடைத்தால் சரியாகும். பழைய கீபோர்டு வாங்குகிறவர்கள் எல்லாக் கீயையும் ஒன்றுவிடாமல் மெல்லவும் பலமாகவும் அழுத்திப் பார்த்த பிறகே பணம் கொடுக்கட்டும். புதிது வாங்கினால் பருத்தித் துணி உறை ஒன்று தைத்துப் போட்டுவிடுங்கள்.

டிஜிட்டல் பியானோ என்பது அடுத்த படி. அதில் 88 கீ, 27.5 ஹெர்ட்ஸில் தொடங்கி 4,186 ஹெர்ட்ஸ் வரை. கீயின் பின்னால் உண்மையாகவே சிறு சுத்தியல் எடைகள் இருக்கும், இடது பக்கம் கனமாகவும் வலப்பக்கம் போகப் போக இலேசாகவும். யமஹாவின் பி-45 என்ற எளிய மாடலே பதினோரு கிலோவைத் தாண்டும். மேற்கத்திய பியானோ கற்றுத் தேர்வெழுதப் போகிற பிள்ளைக்கு இது தேவை. இலேசான கீயில் பழகிய விரல் நிஜப் பியானோவில் திணறும். டிரினிட்டி தேர்வில் பியானோவுக்கும் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் என்பதால், எது என்பதை ஆசிரியரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மாதா கோயிலுக்கும் கச்சேரி மேடைக்கும் தூக்கிப் போகிறவருக்கு 61 கீ போதும். அதன் ஐந்து ஸ்தாயிக்குள் மனிதக் குரல் அடங்கிவிடும்.

கர்நாடக சங்கீதம் கற்கும் பிள்ளை என்றால் கதை கொஞ்சம் மாறும். பெரம்பலூர் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் உண்டு, கீபோர்டு கிடையாது. காரணம் இருக்கிறது. கீபோர்டு ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காக வெட்டி வைத்திருக்கிறது. நல்ல தம்புராவில் தானாகப் பிறக்கும் சுயம்பு காந்தாரம் ஆதார ஸட்ஜத்தைப் போல் 1.25 மடங்கு, கீபோர்டின் அந்தர காந்தாரம் 1.26-ஐ ஒட்டி நிற்கும். தேர்ந்த காது அந்த உரசலைப் பிடித்துவிடும். அதைவிடப் பெரிய குறை, ஒரு கீக்கும் அடுத்த கீக்கும் நடுவே வழி இல்லாதது. கமகம் வாழ்வதோ அந்த நடுவில்தான். ஹார்மோனியத்தின் மேல் சொல்லப்பட்ட புகாரும் இதுவே. 1940-ல் அகில இந்திய வானொலி அதை வெளியே தள்ளி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கதவை அடைத்தே வைத்திருந்தது. இன்று சில மாடல்களில் உள்ள பிட்ச் பெண்ட் சக்கரத்தை இடக்கையால் உருட்டிக் கமகம் கொண்டுவருகிறார்கள். கீபோர்டிலேயே கர்நாடகக் கச்சேரி செய்யும் வித்வான் கே. சத்யநாராயணனைக் கேட்டால் அது எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியும். ஆரம்பநிலைப் பிள்ளைக்கு டிரான்ஸ்போஸ் பட்டன் உடனே உதவும். ஒரு கட்டையில் வாசிக்கப் பழகிய விரலமைப்பை மாற்றாமலே, ஐந்து கட்டையில் பாடுகிறவருடன் சேர்ந்து வாசிக்கலாம்.

பாலிஃபோனி (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஸ்வரங்களின் எண்ணிக்கை), புளூடூத் போன்றவற்றுக்காக முதல் கருவியில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பாலிஃபோனி 32 இருந்தால் தொடங்குகிறவருக்கு ஓடும்.

என் தேர்வு: பெரும்பாலான வீடுகளுக்குத் தொடு உணர்வுள்ள 61 கீ கீபோர்டு, பியானோ தேர்வுதான் என்று முடிவாகிவிட்டால் மட்டும் டிஜிட்டல் பியானோ. மாடல் எண்ணை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். யமஹாவில் பிஎஸ்ஆர்-இ373-க்குத் தொடு உணர்வு உண்டு, பார்க்க ஏறக்குறைய அதே போலிருக்கும் இ273-க்குக் கிடையாது. விலை வித்தியாசத்துக்காக இரண்டாவதை எடுக்காதீர்கள்; பணம் போதவில்லையென்றால் இன்னும் இரண்டு மாதம் பொறுத்து முதலாவதையே வாங்குங்கள்.