தொலைவிலிருந்து தரவுத்தள நிர்வாகம்

ஒரு நிறுவனத்தின் கணக்குகள், சரக்கிருப்பு, வாடிக்கையாளர் பெயர்கள் முதலிய விவரங்களை ஒழுங்குறச் சேமித்து, வேண்டியபொழுது எடுத்துத் தரும் அமைப்பே தரவுத்தளம் எனப்படுவது. அது இயங்கும் சர்வரின் அருகிலேயே அதன் நிர்வாகி இருக்கவேண்டிய அவசியம் இன்று இல்லை. ஒருவரே பல ஊர்களிலுள்ள நிறுவனங்களின் தரவுத்தளங்களைத் தம் மேஜையிலிருந்தே பராமரித்தல் இயலும்.

இதற்கு முதற்கண் வேண்டுவது பத்திரமான இணைப்பு. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதை அடுத்து, அங்குப் பணியாற்றிய தாத்து யூலோனென் என்பவர் 1995-ஆம் ஆண்டில் எஸ்.எஸ்.எச். என்னும் முறையை வகுத்தார். இம்முறையில் செய்திகள் மறைமொழியாக மாற்றி அனுப்பப்படுவதால், இடையில் ஒட்டுக்கேட்பவர்க்கு அவை விளங்கா.

அடுத்து வேண்டுவது ஸ்கிரிப்ட். செய்யவேண்டிய பணிகளை வரிசைப்படி எழுதிவைத்த கட்டளைத் தொடரே இது. சர்வர்களின் பட்டியலை இதனிடம் கொடுத்துவிட்டால், ஒவ்வொன்றாகச் சென்று காப்புநகல் எடுத்தல், வட்டில் எஞ்சியுள்ள இடத்தை அளத்தல், அட்டவணைகளைத் திருத்துதல் ஆகியவற்றைச் செய்து, விளைவைக் குறிப்பேட்டில் பதிந்துவைக்கும். நூறு இடங்களில் கையால் செய்யும் வேலை ஒரே கட்டளையில் முடிகிறது. ஆயின், தவறும் அதே வேகத்தில் பரவும் என்பதை மறத்தலாகாது.

இதற்குச் சான்று ஒன்று உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் இருப்பதாக எண்ணி, முதன்மைச் சர்வரின் தரவுகளை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிகாபைட் தரவில் எஞ்சியது 4.5 ஜிகாபைட் மட்டுமே. நாள்தோறும் காப்புநகல் எடுக்கவேண்டிய ஸ்கிரிப்ட், மென்பொருளின் பதிப்பு பொருந்தாமையால் முன்னரே செயலற்றிருந்தது. அதனை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் தள்ளப்பட்டன. சுமார் ஆறு மணி நேரத்திற்குமுன் வேறொரு காரியத்திற்காக எடுத்த நகலே கைகொடுத்தது. அதனைத் திரும்பப் படியெடுக்கவே சுமார் 18 மணி நேரம் சென்றது. இடைப்பட்ட நேரத்துப் பதிவுகள் மீளவில்லை.

ஆகவே, அழிக்கும் கட்டளைக்குமுன் சர்வரின் பெயரைச் சரிபார்த்தலும், பிழை நேர்ந்த அக்கணமே நின்றுவிடுதலும் ஸ்கிரிப்டின் இலக்கணங்களாதல் வேண்டும். பல திருத்தங்களை ஒரே பரிவர்த்தனையாகத் தொடுத்துவைத்தால், நடுவில் தடை நேரினும் தரவுத்தளம் பழைய நிலைக்கே மீளும். காப்புநகலை வேறொரு சர்வரில் அவ்வப்பொழுது மீட்டுப் பார்த்தலும் இன்றியமையாதது. மீட்டுப் பார்க்காத நகல், நகல் இருக்கிறது என்னும் நம்பிக்கையே அன்றி வேறன்று.