வாங்கும் விலை வேறு, காக்கும் செலவு வேறு

புதிதாக வாங்க எட்டாத ஸ்போர்ட்ஸ் கார், பத்து ஆண்டுகள் ஓடியபின் சாதாரணக் குடும்பக் காரின் விலைக்கே சந்தைக்கு வருகிறது. அதன்மீது ஆசை கொள்வதில் தவறில்லை. ஆனால் காரின் விலை குறைந்தாலும் அதன் உதிரிபாகங்களின் விலை குறைவதில்லை. பயன்படுத்திய காருக்குக் கடன் நாடும் வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் முதலில் நினைவூட்ட விரும்புவது இதுவே.

அந்தமானின் சிப்பிகாட் போன்ற ஊரில் வாழ்வோர் இதனை மேலும் கருத்தில் கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின்போது தெற்கு அந்தமானின் நிலம் தாழ்ந்ததால், இவ்வூர் வயல்களில் கடல்நீர் புகுந்து தங்கிவிட்டது. உப்புக் காற்றும், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழையும் உலோகத்தை ஓயாமல் அரிக்கின்றன. அரிதான உதிரிபாகம் பெருநிலத்திலிருந்து கடல் கடந்துதான் வரவேண்டும். அது வரும்வரை கார் நிற்கும். கடன் தவணை நிற்காது.

எனவே, பழுது நேரும் முன்பே பாகத்தை மாற்றுவதே சிக்கனம். போர்ஷே நிறுவனத்தின் பாக்ஸ்டர், 911 கார்களில் 1990களின் பிற்பகுதியில் அறிமுகமான எஞ்சின்கள் இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. அவற்றினுள் ஓர் இடைத்தண்டைத் தாங்கும் சிறிய பேரிங் உண்டு. எல்லாக் கார்களிலும் அது கெடுவதில்லை. கெட்டால் எஞ்சின் முழுவதுமே பாழாகலாம். ஆகவே உரிமையாளர்கள் பலர், கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸைக் கழற்றும்போதே பேரிங்கையும் மாற்றிவிடுகின்றனர். கழற்றும் கூலி ஒருமுறையோடு முடிகிறது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை சில. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே காரை இயக்கிப் பார்க்க வேண்டும். நீலப் புகை, ஆயில் எரிவதைக் காட்டும். சூடான பின்னும் நிற்காத அடர்ந்த வெண்புகை, கூலன்ட் உள்ளே கசிவதைக் காட்டலாம். ஆயில் மூடியின் அடியில் பால்போன்ற படிவு இருந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கக்கூடும். எல்லா சிலிண்டர்களிலும் கம்ப்ரெஷன் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கிறதா என்பதை மெக்கானிக் கருவி வைத்துச் சொல்வார். கணினி ஸ்கேனர், பதிவாகியுள்ள கோளாறுகளைக் காட்டும். இச்சோதனைகளுக்கு விற்பவர் உடன்படாவிட்டால் அந்தக் காரை விட்டுவிடுவதே நலம்.

பெருநிலத்திலிருந்து வரும் காராயின், அது வெள்ளத்தில் மூழ்கியதா என்பதையும் ஆராய வேண்டும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஏராளமான வாகனங்கள் நீரில் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தென்படலாம். தரைவிரிப்பின் அடியிலும், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்திலும் வண்டலும் துருவும் தங்கியிருக்கும்.

வாங்கியதும், முந்தைய பராமரிப்புக்கு ரசீது இல்லாத எதனையும் செய்யப்படாததாகவே கருத வேண்டும். எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை மாற்றிவிடுவது நன்று. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் அதனையும் மாற்ற வேண்டும். ஓட்டத்தில் அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். கூலன்ட்டில் கலக்கக் கிணற்று நீர் ஆகாது. காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. குறுந்தொலைவே ஓடும் காரில் ஆயில் போதிய அளவு சூடாகாமல் ஈரம் தங்கும்; ஆகவே கிலோமீட்டர் குறைவாயினும் காலக்கெடுப்படி ஆயிலை மாற்ற வேண்டும். டர்போ எஞ்சினை வேகமாக ஓட்டியபின் ஓரிரு நிமிடம் மெதுவாக இயங்கவிட்டு நிறுத்துவது டர்போவைக் காக்கும்.

வழக்கமான காப்பீடு, தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் ஏற்பதில்லை. எஞ்சினுக்குள் நீர் புகுந்து நேரும் சேதத்திற்கு, எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு தேவைப்படும். நீரில் நின்றுபோன காரை மீண்டும் ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் செல்வதே முறை. வேறு மாநிலப் பதிவுள்ள காருக்குத் தடையின்மைச் சான்றும், பழைய கடன் தீர்ந்ததற்கான சான்றும் பெற்றபின்னரே பணம் தருக.

கையிருப்பும் கடனும் சேர்ந்து ஆறு லட்சம் ரூபாய் என்றால், ஐந்து லட்சத்திற்குள் கார் தேடுக. எஞ்சிய ஒரு லட்சம், முதல் பராமரிப்புக்கும் எதிர்பாராச் செலவுக்கும் உரியது. அதன்பின் மாதந்தோறும் தவணையோடு ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்புக் கணக்கில் சேர்த்துவந்தால், அடுத்த பெரிய பராமரிப்புக்குப் புதுக் கடன் தேட வேண்டியிராது.