ஓட்டுவதா, போர்த்தி வைப்பதா?

ஜோகூர் பாருவில் என் பெரிய மாமா நடத்தும் கார் பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. சிறு வயதில் பள்ளி விடுமுறைக்கு அங்கே போகும்போதெல்லாம் சாம்பல் நிறத் துணி போர்த்திய ஏதோ ஒன்று அதற்குள் நிற்கும். துணியின் நுனியைத் தொட்டாலே போதும், சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்துவிடும். உள்ளே இருப்பது கார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அது ஓடி ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை.

கடந்த டிசம்பர் விடுமுறையில்தான் அந்தத் துணியை முழுவதுமாக விலக்கிப் பார்த்தேன். 1986ஆம் ஆண்டின் டொயோட்டா எம்ஆர்2. சிவப்பு நிறம், இரண்டே இருக்கைகள், பொத்தானை அழுத்தினால் தலைதூக்கும் முன்விளக்குகள். இயந்திரம் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. இந்த வகை கார் 1984ல் வெளிவந்தபோது, ஜப்பானில் பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் 'நடு இயந்திர' கார் என்ற பெயரைப் பெற்றது. வெளிநாட்டில் குடியேறக் கிளம்பிய ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாமா அதை 1994ல் வாங்கினார். அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு இருக்கைக் காரில் நான்கு பேரை ஏற்ற முடியாது. அப்படித்தான் அது கொட்டகைக்குள் போனது. வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

கார் அதுவரை ஓடியிருந்த மொத்தத் தூரம் 14,212 கிலோமீட்டர்.

அந்த எண்ணுக்கு இப்போது விலை வந்துவிட்டது. நவம்பரில் கோலாலம்பூரிலிருந்து ஒரு சேகரிப்பாளர் மாமாவை அழைத்தார். அவர் தருவதாகச் சொன்ன தொகையை மாமா வீட்டில் சொன்னபோது அத்தை கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மாமாவின் இளைய மகன் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறான். கட்டணத்துக்கு அந்தப் பணம் பெரிய உதவி. ஒரே ஒரு நிபந்தனை: கைமாறும் வரை கார் ஒரு கிலோமீட்டர்கூட ஓடக்கூடாது. லாரியில் ஏற்றித்தான் கொண்டு போவாராம்.

"நீதான் என்ஜினியரிங் படிக்கிறியே பாப்பா, நீ சொல்லு. என்ன செய்யலாம்?" என்று மாமா கேட்டார்.

நான் உடனே, "தொடவே தொடாதீங்க மாமா. அப்படியே வித்துடுங்க" என்றேன். இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி சொல்லும் பதிலா இது என்று இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால், கார் உலகில் நடப்பவற்றைப் படித்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

மெக்லாரன் எஃப்1 காரை எடுத்துக்கொள்வோம். 1990களில் பந்தய வகைகளையும் சேர்த்து மொத்தம் 106 மட்டுமே செய்யப்பட்டன. ஓட்டுநர் நடுவில் உட்கார, அவருக்கு இரு பக்கமும் ஒவ்வொரு பயணி இருக்கை. வெப்பத்தைத் தடுக்க இயந்திர அறையின் உட்புறத்தில் தங்கத் தகடு ஒட்டியிருப்பார்கள். 1995ல் தயாரான அப்படி ஒரு கார் 2021ல் அமெரிக்காவின் பெபிள் பீச் ஏலத்தில் 20 மில்லியன் டாலருக்கு மேல் விலைபோனது. கால் நூற்றாண்டில் அது ஓடியிருந்த தூரம் 400 கிலோமீட்டருக்கும் குறைவு. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்ச் சேர்ந்தாலே ஏறக்குறைய அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

இன்னொரு எஃப்1 காரின் கதை இதற்கு நேர் எதிரானது. அதன் உரிமையாளரை நம் எல்லாருக்கும் தெரியும். 'மிஸ்டர் பீன்' ரோவன் அட்கின்சன். 1997ல் 540,000 பவுண்டு கொடுத்து வாங்கிய காரை அவர் அன்றாடம் ஓட்டும் கார்போலவே பயன்படுத்தினார். 1999ல் ஒருமுறை மோதினார். 2011ல் சாலையிலிருந்து விலகி மரத்தில் மோதித் தோள்பட்டை எலும்பையும் முறித்துக்கொண்டார். இரண்டாவது விபத்துக்குப் பிறகு காரைச் சரிசெய்ய 900,000 பவுண்டுக்கு மேல் ஆனது. காப்புறுதி நிறுவனம் அதைச் செலுத்தியது. 66,000 கிலோமீட்டர்போல ஓடிய அந்தக் கார் 2015ல் சுமார் 8 மில்லியன் பவுண்டுக்கு விற்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. ஓடாத காருக்கு அதிக விலை என்பது உண்மைதான். ஆனால் ஓடிய காரும், இரண்டு முறை நசுங்கிய காரும்கூட, நட்டத்தில் போய்விடவில்லை.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "அவங்க காடிய விடு. மொதல்ல நம்ம காடிக்கு உசுரு இருக்கான்னு பாப்போம்" என்று சொல்லி, காரைத் தூக்கும் மேடைக்குத் தள்ளச் சொன்னார். தள்ள முடியவில்லை. பின்பக்க இடது சக்கரம் சுழலவே இல்லை. பிரேக் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது.

என் எண்ணம் மாறத் தொடங்கியது அந்த இடத்தில்தான். ஓடாத கார் புதிதாகவே இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன். வகுப்பில் படித்த வேதியியலைக் கொஞ்சம் யோசித்திருந்தாலே போதும், அந்த நம்பிக்கை நின்றிருக்காது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நம் ஊரின் ஈரப்பதத்தில் ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால், உறிஞ்சிய நீர் உள்ளிருந்தே உலோகத்தை அரிக்கும். பெட்ரோல் காற்றோடு வினைபுரிந்து பிசினாக மாறி நுண்துளைகளை அடைக்கும். இயந்திரம் சுற்றாமல் இருந்தால் உள்சுவர்களில் படிந்திருக்கும் எண்ணெய் மெல்ல வடிந்து உலோகம் வெறுமையாகிவிடும். ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். எம்ஆர்2வில் இன்னொரு தொல்லையும் உண்டு. ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது, இயந்திரமோ பின்னால். இரண்டையும் இணைக்கும் உலோகக் குழாய்கள் காரின் அடியில் முழு நீளத்துக்கும் ஓடுகின்றன. அவற்றைத் திறந்தபோது தே தாரிக் நிறத்தில் நீர் கொட்டியது.

டயர்கள்தான் என்னை அதிகம் ஏமாற்றின. பார்க்கப் புத்தம் புதியவை. தொழிற்சாலையில் வார்க்கும்போது உண்டாகும் சின்னச் சின்ன ரப்பர் முடிகள்கூட அப்படியே இருந்தன. மாமா டயரின் பக்கவாட்டில் விரலை வைத்துக் காட்டினார். தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் எண் அங்கே இருக்கும். 2000ஆம் ஆண்டிலிருந்து அது நான்கு இலக்கம். அதற்கு முன்பு மூன்று. எங்கள் டயரில் மூன்று இலக்கம்தான் இருந்தது. ரப்பர் பலகைபோல் கெட்டிப்பட்டிருந்தது. அது சாலையைப் பிடிக்காது.

2013ல் நடிகர் பால் வாக்கர் பயணம் செய்த போர்ஷே கரேரா ஜிடி விபத்துக்குள்ளானது நினைவிருக்கலாம். அளவுக்கு மீறிய வேகமே காரணம் என்று காவல்துறை சொன்னது. ஆனால் அந்த விசாரணையில், டயர்கள் ஒன்பது ஆண்டுகள் பழையவை, அது காரின் கட்டுப்பாட்டைப் பாதித்திருக்கலாம் என்றும் குறிப்பிட்டார்கள். எங்கள் டயர்கள் அவற்றைவிட மும்மடங்கு வயதானவை.

ஆக, பாதுகாத்தல் என்பது போர்த்தி வைப்பதோடு முடிவதில்லை. மெக்லாரன் எஃப்1 காரில்கூட எரிபொருள் கலனை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். ஓட்டினாலும் சரி, ஓட்டாவிட்டாலும் சரி.

அதற்காக, எல்லாக் காரையும் சாலைக்கு இழுத்து வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. தொழிற்சாலையில் பூசிய சாயம், அன்று போட்ட ஒட்டுக் கோடுகள், திருகாணிகளில் தொழிலாளி வைத்த மை அடையாளம் இவையெல்லாம் ஒருமுறை போனால் திரும்ப வராது. மற்ற கார்களைச் சரிசெய்பவர்கள் 'மூலத்தில் இது எப்படி இருந்தது' என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கைபடாத கார் ஒன்றாவது வேண்டும். ஒவ்வொரு வகையிலும் ஒன்றிரண்டு அப்படியே உறைந்து நிற்கட்டும். மிச்சம் உள்ளவையும் எதற்காக நிற்க வேண்டும்?

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் சிமியோன் அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. நரம்பியல் அறுவை மருத்துவரான ஃபிரெட் சிமியோன் வாழ்நாள் முழுவதும் சேர்த்த பந்தயக் கார்கள் அங்கே உள்ளன. பழைய கார்களைப் பளபளவென்று புதுப்பிப்பது அவற்றின் வரலாற்றை அழிப்பது என்று வாதிட்டவர் அவர். அங்குள்ள 1964ஆம் ஆண்டின் ஷெல்பி டேடோனா கூபே, கீறல்களோடும் உதிர்ந்த சாயத்தோடும் அப்படியே நிற்கிறது. ஆனால் அந்த அருங்காட்சியகம் குறிப்பிட்ட நாள்களில் கார்களை வெளியே எடுத்து, பின்புறத் திடலில் பார்வையாளர் முன் ஓட்டிக் காட்டுகிறது. பழையதை மாற்றாமல் வைத்திருப்பதும் ஓட்டுவதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்று எனக்குப் புரியவைத்தது அவரைப் பற்றிய வாசிப்புதான்.

சிங்கப்பூரில் இந்தக் கேள்விக்குச் சட்டமே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகிறது. குறைந்தது 35 ஆண்டு பழைமையான காரை 'கிளாசிக்' திட்டத்தில் பதிவுசெய்தால், ஆண்டுக்கு அதிகபட்சம் 45 நாள்கள்தான் ஓட்டலாம். இதைக் கேட்ட மாமா, "நாப்பத்தஞ்சு நாளா? நான் முப்பது வருசத்துல அத்தன நாள் ஓட்டலையே!" என்றார்.

மூன்று வாரங்கள் வேலை செய்தோம். பிரேக், குழாய்கள், இயந்திரத்தின் ரப்பர் பட்டை, டயர்கள் என வயதானவற்றையெல்லாம் மாற்றினோம். கழற்றிய பழைய பாகங்களைத் துடைத்து, பெயரும் தேதியும் எழுதிப் பெட்டியில் வைத்தோம். அது மட்டும் என் யோசனை.

சேகரிப்பாளர் ஒரு சனிக்கிழமை நேரில் வந்தார். நல்ல மனிதர். அத்தைக்குப் பலகாரம் வாங்கி வந்திருந்தார். காரின் கதவைத் திறந்து, கைப்பேசி வெளிச்சத்தில் முதலில் பார்த்தது கிலோமீட்டர் எண்ணைத்தான். மாமா சாவியை நீட்டினார். அவர் கையை உயர்த்தி, "வேண்டாம் அண்ணே, எண்ணிக்கை ஏறிடும்" என்றார். வாங்கிய பிறகு எப்போதாவது இயக்குவீர்களா என்று நான் கேட்டேன். பேட்டரியைக் கழற்றி, குளிரூட்டிய அறையில் வைத்துவிடப் போவதாகச் சொன்னார். இயந்திரத்தின் சத்தம் எப்படியிருக்கும் என்று அவர் கேட்கவே இல்லை.

அவர் போனபிறகு மாமா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. திங்கட்கிழமை சாலை வரியும் காப்புறுதியும் எடுத்து வந்தார்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நாங்கள் இருவரும் கோத்தா திங்கிக்குப் புறப்பட்டோம். வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் மாமா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இறங்கி, என்னை ஓட்டச் சொன்னார். இருமுறை இயந்திரத்தை அணைத்துவிட்டேன். மூன்றாவது முறை கார் நகர்ந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவும் விசை எதுவும் அதில் இல்லை. சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நேராக உள்ளங்கைக்கு வந்தது. ஐயாயிரம் சுற்றுக்கு மேல் போனபோது முதுகுக்குப் பின்னால் எழுந்த அந்த ஒலியை நான் எந்தக் காணொளியிலும் அப்படிக் கேட்டதில்லை. மாமா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்க முயலவில்லை.

திரும்பும் வழியில், முன்னால் போன லாரியிலிருந்து ஒரு கல் தெறித்தது. பட்டறைக்கு வந்து பார்த்தால், காரின் மூக்கில் அரிசி அளவுக்குச் சாயம் போயிருந்தது. 1986ஆம் ஆண்டின் சாயம். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மாமா அந்த இடத்தில் விரலை வைத்துச் சற்று நேரம் நின்றார். பிறகு தண்ணீர்க் குழாயை எடுத்துக் காரைக் கழுவ ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் சேகரிப்பாளர் அழைத்தார். மாமா எதையும் மறைக்கவில்லை. 14,291 கிலோமீட்டர், மூக்கில் ஒரு புள்ளி என்று சொன்னார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு விலையில் ஒரு பகுதியைக் குறைத்துக் கேட்டார். குறைத்த தொகையும் சின்னத் தொகை இல்லை. என் மாமா மகனின் முதலாண்டுக் கட்டணத்துக்குத் தாராளமாகப் போதும்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று மாமா கைப்பேசியை வைத்தார். வாடிக்கையாளர் கார்களின் கணக்கை எழுதும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் தேதியையும் 14,291 என்ற எண்ணையும் எழுதினார். அதன் கீழே அடுத்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியை எழுதி, பக்கத்தில் இடம் விட்டார்.